இடுப்பில் செருகிய ஃபியூஸ் கட்டை

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஒரு பெண் ஃபிட்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு, கிரீஸ் படிந்த விரல்கள். ஒரு பொம்பளை மிஷினில் கைவைப்பது அங்குள்ள ஆண்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை அவர் கை உள்ளே இருக்கும்போதே யாரோ சுவிட்சைப் போட்டார்கள். விரல் தப்பியதே பெரிது. அன்றிலிருந்து ஃபியூஸ் கட்டையை உருவி இடுப்பில் செருகிய பிறகுதான் மிஷினைத் தொடுவார்.

"பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பயந்துக்கிட்டுத்தான் வாரேன். ஆனா வாரேன்ல?"

ஒருநாள், "படுத்தா நழுவிரும், வச்சிக்க" என்று கட்டையை என்னிடம் தந்துவிட்டு மிஷினுக்கு அடியில் போனார். மேஸ்திரி வந்து, "ஏட்டி, அதக் குடு" என்று கை நீட்டினார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அக்கா வெளியே வரும்வரை மூடிய கையைத் திறக்கவில்லை.

அதற்கு முன்பும் எத்தனையோ முறை அப்படிப் படுத்திருக்கிறார். ஒருமுறைகூடக் கட்டை இடுப்பிலிருந்து நழுவியதில்லை.