மூடி போட்ட வாளி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போயிருந்தேன். சாலையோரம் கடை விரித்திருந்த அம்மையாரின் காலருகே மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. உள்ளே ஏதோ துள்ளித் துள்ளி மூடியில் மோதிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன்.

“உளுவ சார். உயிரோட இருக்குது, பாருங்க” என்று மூடியைத் திறந்தார். சேற்று வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நல்ல மீன்தான். ஆனாலும் வாங்காமல் திரும்பிவிட்டேன். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லலாம்.

ஆழிப்பேரலை வந்துபோனதற்கு அடுத்த ஆண்டு, மரக்காணத்தில் ஓர் உப்பளத்தின் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். தமிழ் படித்துவிட்டு வேலையின்றி இருந்த எனக்கு உப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது குழம்பில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பதுதான். அலையில் கரைந்த வரப்புகளை முதலாளி அப்போதுதான் புதிதாக எடுத்துக் கட்டியிருந்தார். வாய்க்காலில் ஏறிவரும் கடல்நீரை இன்ஜின் வைத்து இறைத்து, பெரிய தேக்கம் ஒன்றில் நிறுத்துவோம். வெயிலில் சுண்டிய அந்த நீர்தான் பாத்திகளுக்குப் போகும். தேக்கத்தில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நீர் குறைந்தது.

நான் பிரம்மதேசத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் வயலில் தண்ணீர் குறைந்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து வயல்காரரைத்தான் பார்ப்பார்கள். வரப்பில் கடப்பாரையால் ஒரு துளை போட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நிற்கும் பெரிய மனிதர்களைக் கண்டு வளர்ந்தவை என் கண்கள். எனவே தேக்கத்து வரப்பில் இரண்டு விரல் நுழையும் துளைகளைக் கண்டதும், இது மனிதர் வேலை என்று ஒரு கணமும் தயங்காமல் முடிவு கட்டினேன்.

ஊரிலிருந்து நான் கொண்டுவந்த இன்னொரு சொத்து, பாம்பென்றால் நடுக்கம். இன்ஜின் குழாயின் வாயில் கம்பிச் சல்லடை ஒன்றைக் கூடைபோல் கட்டியிருப்பார்கள். சேர்ந்த முதல் வாரத்தில் அதைத் தூக்கியபோது, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பாம்பொன்று சிக்கி நெளிந்தது. சிறு கண்கள் இரண்டும் தலையின் உச்சிக்கு ஏறி, வானத்தையே வெறித்தன. ஆளைக் கொல்லும் வகையன்று என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஓடுவதற்கு மட்டுமே. வரப்பு முனைவரை ஓடி நின்று, அங்கிருந்தே ஆணையிட்டேன்: இனிமேல் கண்ட இடத்தில் அடித்துவிட வேண்டும். இன்ஜின் ஓட்டும் ஏழுமலையிடம் சவுக்குக் கழி ஒன்றும் கொடுத்தேன். இன்னொன்றை நானே வைத்துக்கொண்டேன், வீரத்துக்கன்று, துணைக்கு.

பாம்புகள் குறைந்தன. துளைகளோ பெருகின.

வரப்புக்குச் சேறு அப்பும் வேலை அஞ்சலையினுடையது. நாற்பது வயதிருக்கும். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, இன்ஜின் பக்கம் போய், மூடி போட்ட வாளியோடு தேக்கத்து வரப்பின் கோடிவரை நடந்து போவார்; திரும்பும்போது வாளி இலேசாக ஆடும். கோடியை அடுத்திருந்தது வேறொருவரின் உப்பளம். அங்கே வேலை பார்த்தவர் அஞ்சலையின் தம்பி. வேறென்ன வேண்டும் எனக்கு? உளியா, கம்பியா, எதைக் கொண்டுபோகிறார் என்பது மட்டுமே தெரிய வேண்டியிருந்தது. அவருடைய போக்குவரத்தை ஒரு நோட்டில், சந்தி பிழையாமல், நாள்தோறும் எழுதி வைத்தேன். பிறகு அதை முதலாளியிடம் நீட்டினேன்.

முதலாளி நேரில் வந்தார். வாளியைத் திறக்கச் சொன்னார். அஞ்சலை அதை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

“பதினோரு வருசமா இந்த வரப்ப மெழுவுறேன். நேத்து வந்தவரு சொன்னாருன்னு தொறந்து காட்டணுமா? மாட்டேங்க.”

“அப்ப நாளையிலேர்ந்து வராத.”

அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கழியைத்தான் பார்த்தார். வாளியோடு அதே கோடிவரை நடந்து, குனிந்து நிமிர்ந்து, வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்தே நாளில் தேக்கம் சல்லடையாயிற்று. ஓரிடத்தில் வரப்பை வெட்டிப் பார்க்கச் சொன்னேன். மண்வெட்டி இறங்கியதும் வளைக்கு வளை உளுவை மீன்கள் துள்ளி விழுந்தன. ஏழுமலை சிரித்தே விட்டார்.

“பாம்ப அடிச்சித் தீத்துட்டீங்க. இதுங்கள யாரு சார் துன்றது? இஷ்டத்துக்கு வளை நோண்டுதுங்க. அந்தப் பொம்பள, சல்லடையில மாட்டுற பாம்ப எடுத்துக்கினு போயி அங்க உட்டுக்கினு இருந்துச்சி. பாம்புங்க இருந்தா அந்தப் பொம்பளைக்குச் சேறு அப்புற வேலை பாதிதான்.”

“ஏம்பா, முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்க எங்க கேட்டீங்க? கழிய வச்சிக்கினு இல்ல நின்னீங்க!”

அஞ்சலை குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் தரை துடைப்பதாக அறிந்து பஸ் ஏறினேன். வாசலிலேயே இருந்தார், கையில் வாளியோடு.

“இன்னா சார், இங்கயும் வாளிய பாக்க வந்துட்டீங்களா?” என்றவர், சடாரென்று அதைக் கவிழ்த்தார். அழுக்கு நீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. “பாத்துக்குங்க. தண்ணி.”

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், அவர் திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்றும் சொன்னேன். அஞ்சலை வாளியை நிமிர்த்தினார்.

“நான் வர்றேன்னே வச்சிக்குங்க. பாம்ப எங்கேர்ந்து கொண்டாருவீங்க?”

அவர் குழாயடிக்குப் போய் வாளியை மறுபடி நிரப்பத் தொடங்கினார்.

மறு ஆண்டு நானும் அந்த வேலையை விட்டேன். மீன் வாங்காமல் திரும்பிய அன்று பிற்பகல், என்னவோ தோன்றி அந்த உப்பளத்துக்குப் போனேன். தேக்கத்தின் உட்புறம் முழுக்கக் கருங்கல் பதித்துவிட்டார்கள். வளையில்லை, உளுவை இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் சல்லடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அருகில் போய், “என்ன மாட்டியிருக்குது?” என்றேன்.

“இதுல இன்னா மாட்டும்? பிளாஸ்டிக் பைதான்.” உதறிப் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆமா, நீங்க யாரு? எதுக்குக் கேக்குறீங்க?”

பாம்பைத் தேடி வந்தேன் என்றால் நம்புகிற முகமாக அது இல்லை.