சித்தப்பாவுக்கு இருமுறை வந்த பணம்

சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் பாதி போய்விட்டது. போனதெல்லாம் நீளமான வாக்கியங்கள்தான். ஒற்றைச் சொற்கள் பத்திரமாக இருந்தன. அதிலும் என்னைக் கேலி செய்யத் தேவையானவை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நான் வைத்த சாம்பாரைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து "ரசம்" என்பார். நாற்பத்தாறு வயதில், பாதி நரைத்த தலையோடு திரியும் என்னை, யார் இருந்தாலும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். வடக்கு அந்தமானின் திக்லிபூரில் ஒரு வியாபாரியிடம் பாக்கைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். உடம்பு முடியாமல் போய் ஒரு வருஷம் அங்கேயே சமாளித்தார். பிறகு பிசியோதெரபிக்காகப் போர்ட் பிளேரில், மின்னி பே பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை திக்லிபூரிலேயே அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. இங்கே வந்ததும் முகவரியை மாற்ற நான்தான் எழுதிக் கொடுத்தேன். முகவரி மாற்றும் படிவத்துக்குப் பதிலாகப் புது விண்ணப்பப் படிவத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். நான் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதனால் மாதாமாதம் அவர் கணக்கில் பணம் இரண்டு முறை விழுந்தது. வங்கி மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும். அவர் சொல்கிற தொகையை நான் ஏடிஎம்மில் எடுத்துக் கொடுப்பேன். தொகை கொஞ்சம் கூடினபோது பழைய சேமிப்பு என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மீன்காரர் நல்ல சூரை வந்தால் முதலில் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். எங்கள் தெருவில் எனக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

பிசியோதெரபி டாக்டர் பழைய ஸ்கேன் படத்தைக் கேட்டார். அதை எடுக்க உறைக்குள் கையை விட்டால் நாலாக மடித்த ஒரு கடிதம் வந்தது.

"சித்தப்பா, இது என்ன?"

"பேப்பர்."

"என்ன பேப்பர்?"

"கவர்மென்ட்."

"எப்ப வந்துச்சு?"

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "சத்தம்" என்றார், ரொம்ப நாளாக அதுதான் அவருக்குக் கவலை என்பதுபோல.

கடிதம் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. பதினோரு மாதமாக அதிகமாகப் பெற்றதை மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும். இருபத்திரண்டு நாள் ஸ்கேன் உறைக்குள்ளேயே கழிந்திருந்தது. கோபத்தில் ஏதேதோ கத்தினேன். அவர் இடது கையால் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உதவித்தொகை ஆபீசுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்று அரைமணி நேரம் அடம்பிடித்தார். ஆபீசில் இருந்த அதிகாரி மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், சுத்தமான இந்தி. நானோ இந்தத் தீவில் பழகின இந்தியில் இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்துவிட்டேன். என் இந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆபீசும் பெண், வங்கியும் பெண், கடைசியில் சித்தப்பாவும் பெண்ணாகிவிட்டார். அதிகாரி இமைக்காமல் கேட்டுவிட்டு, "வாங்கின பணத்தைக் கட்டித்தானே ஆகணும்? கூட வருதுன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்றார்.

"சொன்னேன்" என்றார் சித்தப்பா, தமிழில்.

நான் திரும்பிப் பார்த்தேன். "யார்கிட்ட?"

"இங்க."

அதை நான் இந்தியில் சொன்னதும் அதிகாரி ஃபைலைப் புரட்டினார். நடுவில் ஒரு கோடு போட்ட தாளில் நின்றார். மேலே அந்த ஆபீஸ் முத்திரை, பத்து மாதத்துக்கு முந்தைய தேதி. கீழே கோணல்மாணலாகத் தமிழ் எழுத்துகள். வாங்கி வைத்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை போல. முத்திரை குத்தி ஃபைலில் கோத்துவிட்டிருக்கிறார். அதிகாரி தாளை என் பக்கம் திருப்பி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

படித்தேன். "ஐயா, எனக்குப் பணம் ரெண்டு தடவை வருது. ஒன்று போதும்."

சித்தப்பாவுக்கு இந்தி பேச வரும், எழுத வராது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், தனியாக ஆட்டோ பிடித்து வந்து, பழக்கமில்லாத இடது கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை. பணம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சரி, அரசாங்கம் ஆசைப்பட்டுத் தருகிறது என்று சூரை வாங்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அதை இந்தியில் சொல்லி முடித்ததும் அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அதன்பின் பேச்சே மாறிவிட்டது. படிவத்தில் தவறு என்னுடையது என்று நானும் எழுதிக் கொடுத்தேன். திக்லிபூர்ப் பதிவை ரத்து செய்ய அவரே கடிதம் போட்டார். மொத்தமாகக் கட்ட வேண்டாம், மாதாமாதம் உதவித்தொகையில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறோம் என்றார். வாசல்வரை வந்து சித்தப்பாவின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "கப்பல்" என்றார் சித்தப்பா. கப்பல்கள் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே பக்கம் போனோம். படகுத்துறைக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஒரு படகில் மூட்டைகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்வரைக்கும் தனியா போகத் தைரியம் இருந்துச்சு. லெட்டரை என்கிட்ட காட்ட மட்டும் என்ன பயம்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினார். "டீக்கடையில படிச்சாங்க. ஜெயிலுன்னாங்க."

"உங்களையா? உங்களை ஜெயில்ல போட்டா அவங்கதான் கஷ்டப்படணும்."

"எனக்கில்ல" என்றார். "உனக்கு. ஃபாரம்… உன் எழுத்து."

கீழே அவருடைய கைநாட்டு, மேலே முழுக்க என் எழுத்து. அதை நினைத்து இருபத்திரண்டு நாள் அந்த மனுஷர் தூங்காமல் கிடந்திருக்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு டீயைக் குடிக்க முடியவில்லை. அவர் என் டம்ளரை இடது கையால் தன் பக்கம் இழுத்து, ஆறுவதற்குள் அதையும் குடித்து முடித்தார்.

பிடித்தம் இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதெல்லாம் வங்கியிலிருந்து மெசேஜ் வந்தால் போனை உடனே என்னிடம் நீட்டுகிறார். பார்த்துவிட்டு, "சரியா இருக்கு சித்தப்பா" என்பேன். தலையாட்டிவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டீச்சரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறார்.