இருநூற்றுப் பதினாலாம் பக்கத்து அடிக்குறிப்பு

மதத்தைப் பற்றி எவர் புத்தகம் எழுதினாலும், படம் எடுத்தாலும், அது ஹெய்ட்டியின் ஜாக்மெல் ஊருக்கு வந்த மறுவாரமே கிளெர்மீஸ் தெராவீன் கையில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொள்ளும். காலையில் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துவாள். பிற்பகலில் ‘தென்கரை’ வாரப் பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுவாள். இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. கல்லறையிலிருந்து எழுந்து ஆளைக் கடிக்கும் பிணங்களை வைத்து வெளிநாட்டான் ஒருவன் படம் எடுத்து, கதை ஹெய்ட்டியில் நடக்கிறது என்று போட்டிருந்தான். “எங்கள் ஊர்ப் பிணங்களுக்கு இவ்வளவு பசி கிடையாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சந்தையில் மீன் விற்பவர்கள்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தைத் திறந்ததும் அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படிப்பாள். பெரிய எழுத்தில் எவனும் அளப்பான், பொடி எழுத்தில்தான் மாட்டுவான் என்று வானொலியிலேயே பெருமையடித்திருக்கிறாள். மதிப்புரையின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பட்டியல் போடுவாள். இத்தனாம் பக்கம், இது தவறு, இதுதான் சரி. பெரிய பெரிய பேராசிரியர்களுக்கே அந்தப் பட்டியல் என்றால் பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளே பயப்படும்படி ஆனது.

பத்திரிகை ஆசிரியர் லூபெரிஸ் ஒரு தடித்த புத்தகத்தை அனுப்பியிருந்தார். செத்தவர்களைத் தண்ணீருக்கு அடியிலிருந்து அழைக்கும் நம் சடங்கைப் பற்றிய ஆராய்ச்சி. செத்தவன் ஓராண்டும் ஒரு நாளும் தண்ணீருக்கு அடியில் கிடப்பான், அதன்பின் நெருங்கிய ரத்த உறவு வந்து கூப்பிட வேண்டும், பூசாரி வெள்ளைத் துணிக்கூடாரத்துக்குள் உட்கார்ந்து அவனை மேலே எடுத்து மண்குடத்தில் வைப்பார், அவன் குடத்திலிருந்து பேசுவான் என்பதெல்லாம் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். கூப்பிடாவிட்டால் அந்தக் குளிரிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கிளெர்மீஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே அடிக்குறிப்புகளைப் புரட்டினாள். இருநூற்றுப் பதினாலாம் பக்கம், மூன்றாம் குறிப்பு:

“லெயோகான் ஊர்ச் சடங்கில், எவரும் அழைக்காத ஓர் ஆண்குரல் வந்தது. இருந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் ‘எங்க அக்காவா?’ என்று கேட்டது. பிறகு, எழுதிக்கொண்டிருந்த என்னிடம், ‘இதை அடியில பொடி எழுத்துல போடு, எங்க அக்கா அதைத்தான் மொதல்ல படிப்பா’ என்றது. ஆள் யாரென்று தெரியவில்லை. உறவினர் எவரும் இல்லை.”

காபி ஆறிப்போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. ஃபெனெல். பேருந்துகளுக்குச் சித்திரம் தீட்டுகிறவன். வேறு ரத்த உறவு இருவருக்கும் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போனான். ஓராண்டும் ஒரு நாளும் ஆனபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, அவனைக் கூப்பிட நீதானே வரவேண்டும் என்று கெஞ்சினார்கள். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஏனென்றால் அதற்கும் ஐந்து வருடம் முன்பே, குடத்துக்குள் பேசுவது செத்தவனல்ல, பூசாரியின் வயிறு என்று அச்சில் எழுதியிருந்தாள். எழுதின கையாலேயே குடம் சுமந்தால் ஊர் சிரிக்காதா? வீம்பு, வேறென்ன! அந்த வீம்புக்குப் பகுத்தறிவு என்று பெயர் வைத்துக்கொண்டு பத்து வருடம் தூங்கினாள்.

இது எவனோ வைத்த பொறி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடிக்குறிப்புப் பழக்கத்தை வானொலியில் கேட்காதவர் யார்? பூசாரியின் முகத்திரையைக் கிழித்து இந்த வார மதிப்புரையிலேயே போடுகிறேன் என்று லூபெரிஸிடம் சவால் விட்டுவிட்டு, புதன்கிழமை மலைப்பாதைப் பேருந்தில் ஏறினாள். ஆனால் வழியெல்லாம் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

லெயோகானில் அந்தச் சடங்கை நடத்திய பூசாரி அஜெனோர் முற்றத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்த வேகத்தில் இவள் பொரிந்து தள்ளினாள். அவர் சோளத்தை உதிர்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

“பத்து வருசமா வர்றான்மா அவன். யாரு வீட்டு ஆளைக் கூப்பிட்டாலும் இவன்தான் முந்திக்கிட்டு வந்து, எங்க அக்காவான்னு கேக்குறான். இல்லப்பான்னு சொன்னா போயிடுறான். எங்க பொம்பளைங்க இப்பல்லாம் அந்தச் சத்தம் கேட்டாலே அழுதுடறாங்க.”

“பேர் சொன்னானா?”

“சொல்லல. அவன் பேரை அவனைக் கூப்பிட வர்றவதான் சொல்லணும். ஆனா ஒண்ணு சொல்லுவான். இடது கால்தான் ரொம்பக் குளிருதாம். செருப்பு இல்லையாம் அந்தக் காலுக்கு.”

கிளெர்மீஸுக்குக் காது அடைத்தது. பட்டப்பகலில் முற்றமே இருண்டு வந்தது போலிருந்தது. காய்ச்சலில் ஃபெனெலின் இடது கால் வீங்கிக் கிடந்தது. புதுச் செருப்பு நுழையவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளே வலது காலுக்கு மட்டும் மாட்டி, மேலே துணியை இழுத்துவிட்டு, சவப்பெட்டியை மூடினாள். மற்றச் செருப்பை எடுத்துப்போய்க் கடலில் எறிந்தாள். இதை அவள் ஓர் உயிரிடமும் சொன்னதில்லை. பாவமன்னிப்புக் கேட்கும்போது பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

முற்றத்து மூலையில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. காற்றே இல்லை. அதில் மெதுவாக ஓர் அலை எழுந்து அடங்கியதை அவள் பார்த்தாள். அஜெனோரும் பார்த்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை மூணு குடும்பம் கூப்பிடுறாங்க” என்றார் அவர். “நீயும் ஒரு குடத்தைக் கொண்டுட்டு வா. ஆனா நம்பாம வந்தா அவன் உன் குரலையும் இல்லன்னுட்டுப் போயிடுவான். அப்புறம் எனக்குத் தெரியாது.”

சனிக்கிழமை ‘தென்கரை’ வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் அவளுக்கு வராது. மதிப்புரை சின்னதுதான். நல்ல புத்தகம், வாங்கிப் படியுங்கள் என்றிருந்தது. கீழே பிழைதிருத்தத்தில் இரண்டே பிழைகள்.

“பக்கம் 214, குறிப்பு 3. ‘உறவினர் எவரும் இல்லை’ என்பது தவறு. ஓர் அக்கா இருக்கிறாள். அவன் பெயர் ஃபெனெல் தெராவீன்.

பதினைந்து வருடத்துக்கு முன் இதே பத்தியில், குடத்தில் பேசுவது பூசாரியின் வயிறு என்று எழுதியது தவறு. எழுதியவள் நான்.”

லூபெரிஸ் இதைப் போடவேண்டாம் என்று மன்றாடினாராம். தெருவில் எதிர்ப்பட்ட தலைமை ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீன் விற்பவள் ஒருத்தி எழுந்து வந்து, ஒரு வெள்ளை மண்குடத்தை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு பிற்பகல், வெள்ளைத் துணிக்கூடாரத்துக்கு வெளியே பாயில் மூன்று குடும்பங்களோடு கிளெர்மீஸும் உட்கார்ந்தாள். மடியில் குடம். பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. உள்ளே அஜெனோரின் மணி கேட்டது, பிறகு தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். முதல் குடும்பத்தார் தங்கள் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், நனைந்த தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒரு குரல் முந்திக்கொண்டது. கூடாரத்துக்கு மிக அருகில் இருந்த கிழவியிடம் கேட்டது.

“எங்க அக்காவா?”

கிழவி இல்லையென்று தலையாட்டினாள். அடுத்தவளிடம் கேட்டது. அவளும் இல்லை என்றாள். குரல் ஒவ்வொருவராகப் பாயில் நகர்ந்து வந்தது. ஒவ்வோர் இல்லைக்கும் அது கொஞ்சம் தேய்ந்தது. கிளெர்மீஸ் குடத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் எல்லாருடைய சாமியையும் சோதித்துப் பார்த்தவளுக்கு, இப்போது தன் குரலைத் தம்பி ஏற்பானா என்பது ஒன்றுதான் பயம்.

அவள் முறை வந்தது. குரல் அவள் முகத்துக்கு நேரே நின்றது. ஈர வாடை அடித்தது.

“எங்க அக்காவா?”

“ஆமாண்டா ஃபெனெல்” என்றாள். “படிச்சிட்டேன்டா. வா.”

மடியிலிருந்த குடம் கனத்தது.