மாமனாரும் நட்டு கோத்த ஸ்பூனும்

அந்த வீட்டுச் சமையலறை இழுப்பறையில் கரண்டியைத் தேடினால் ஸ்பானர் கிடைக்கும். பிளம்பருக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இறுகிப்போன பாட்டில் மூடியைப் பைப் ரிஞ்சால் திறப்பான். பிடி ஆடும் வாணலிக்கு ஹோஸ் கிளிப் மாட்டி முறுக்குவான். மீன் முள்ளைப் பிடுங்கக் குறடு.

"நான் சமைக்கிறேனா, சாக்கடை அடைப்பு எடுக்கிறேனான்னே தெரியல" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மூடி திறக்கவில்லை என்றால் அவளும் அவனைத்தான் கூப்பிடுவாள்.

இந்த வீட்டுக்குத்தான் மாமனார் வந்து சேர்ந்தார். சலூன்காரர். கன்னத்தில் ஒரு கீறல் விழாமல் பாதி ஊரை மழித்தவர். கை நடுக்கம் வந்ததும் கடையை மூடிவிட்டு மகளிடம் வந்துவிட்டார். கை நடுங்கியதே தவிர நாக்கு நடுங்கவில்லை. "மாப்ளே, உங்க தலைய யாரு வெட்டினது? அவன்மேல கேஸ் போடலாம்" என்பார்.

தொல்லை சாப்பாட்டில் இருந்தது. கையால் எடுத்தாலும் ஸ்பூனால் எடுத்தாலும் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். மகள் ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த பிடி ஸ்பூனைக் குப்பையில் போட்டுவிட்டார். "பால்குடி மறக்காத பிள்ளைன்னு நெனச்சிட்டாங்களா என்னை?" தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பும்போது தட்டு காலியாக இருக்கும். சாப்பாடு கட்டிலுக்கு அடியில் இருக்கும். கூட்டிப் பெருக்குகிற மகளுக்கு இது தெரியாமலா போகும்?

பிளம்பருக்கு வேறு வழியில் தெரிந்தது. "மாப்ளே, பெல்ட்டுல இன்னொரு ஓட்டை போடுங்க" என்று மாமனார் மறுபடியும் வந்து நின்றார். தோலில் துளை போடும்போது அவன் பழைய ஓட்டைகளை எண்ணிப் பார்த்தான். இப்படியே போனால் பெல்ட் மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார். கெஞ்சினாலோ முறுக்கிக்கொள்வார்.

நாள் முழுக்க உழைத்துக் கை ஓய்ந்துபோனால் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஆடும். கனமான ரிஞ்ச் அவ்வளவு ஆடாது. அதை அவன் தன் கையிலேயே கண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பூனை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, காம்பில் பித்தளை நட்டுகளைக் கோத்து, ஸ்பூனின் குழிவுக்கு அருகே தள்ளி, குழாய் மூட்டில் சுற்றும் டெஃப்லான் டேப்பால் சுற்றினான். தட்டளவு அகலமான புது பிவிசி குழாயில் விரலகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, பிசிறு போக அரத்தால் ராவினான். தட்டின்மேல் வைத்தால் சாப்பாடு நழுவாமல் அணைகட்டும். எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். அந்த மட்டுக்கும் அறிவு இருந்தது.

மதியம் அதை யாருக்கும் நீட்டவில்லை. மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, வளையத்தைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, தானே அந்த ஸ்பூனால் சூப் குடித்தான்.

"தோள் வலி மாமா. எனக்காகப் பண்ணிக்கிட்டேன்."

"யாருக்குக் காது குத்துறீங்க? காலையில அந்தத் தோளாலதானே கட்டிலத் தூக்கினீங்க?"

பிளம்பர் குனிந்து இன்னொரு வாய் வைத்தான். வாயில் ஏதோ இழுத்தது. பிடித்து உருவினால் டெஃப்லான் டேப், வந்துகொண்டே இருந்தது. மாமனார் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. இதற்குள் முன்பாரம் தாங்காமல் ஸ்பூன் கவிழ்ந்து, மீதி சூப் சட்டையில் வழிந்தது.

கிழவர் சிரிப்பை நிறுத்தினார். மோசமான வேலையைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது.

"இப்படிக் குடுங்க. கனத்தக் கொண்டுபோய் முன்னாடி வெச்சா மூக்குக் குப்புற விழாம என்ன செய்யும்? சவரக் கத்தியில கனம் எங்க இருக்கும்? பிடியில. குறடக் கொண்டாங்க."

குறடு வந்தது. நட்டுகள் கைப்பக்கம் நகர்ந்தன.

"இன்னொன்னு கோத்துவிடுங்க. போதும். நழுவாம இருக்க ரப்பர் குழாய் இல்லையா? என்ன பிளம்பர் நீங்க!"

ரப்பர் குழாயும் ஏறியது. மாமனார் ஸ்பூனை உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தார். விரல்களை மடித்துப் பிடித்தார். நடுக்கம் போகவில்லை, ஆனால் வெடுக்கென்று குதித்த கை இப்போது மெல்ல அசைந்தது. சோதித்துப் பார்க்கப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தட்டுதான் இருந்தது. பொரித்த முட்டையை வளையத்தோடு ஒட்டித் தள்ளி அள்ளினார். ஒரு துணுக்கு மடியில் விழுந்தது. மற்றது வாய்க்குள் போனது.

"மாமா, அது என் முட்டை!"

"சும்மா இருங்க. ருசி பாக்காம ஸ்பூன் சரியாச்சான்னு எப்படித் தெரியும்?"

இரண்டாவது தடவையும் ருசி பார்த்தார். மூன்றாவது தடவை சாக்குச் சொல்லவில்லை.

"ஏய், இங்க வந்து பாரு! உங்கப்பா என் தட்டுல திருடுறாரு!"

மனைவி தோசைத் திருப்பியும் கையுமாக ஓடிவந்தாள். அப்பாவின் தட்டு தொடாமல் ஆறிக் கிடந்தது. புருஷன் தட்டில் முட்டை இருந்த இடத்தில் எண்ணெய்தான் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிளம்பர் கண்ணைக் காட்டினான். அவள் உள்ளே போனாள். அடுப்பில் எண்ணெய் சடசடத்தது. இன்னொரு முட்டையையும் வெந்த உருளைக்கிழங்கையும் கொண்டுவந்து புருஷனின் தட்டிலேயே போட்டாள்.

"நல்லா சாப்பிடுங்க" என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

அவள் அடுப்படிக்குள் போகும்வரை மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பூனை மாப்பிள்ளையின் தட்டுக்குள் இறக்கினார்.