குளிப்பாட்டுகிற ஆரிபா

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு பெண் இறந்துபோனால் முதலில் ஆள் வருவது ஆரிபாவின் வாசலுக்குத்தான். மய்யித்தைக் குளிப்பாட்ட அவளைப்போல் கை யாருக்கும் வராது. போர்த்திய துணி விலகாமலே கழுவி முடித்துவிடுவாள். தன் தாயாரைக் குளிப்பாட்டியவர்கள் துணி விலகிக் கிடப்பதுகூடத் தெரியாமல் ஊர்க்கதை பேசியதைப் பார்த்த அன்றே, இதைக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தவள் அவள்.

அப்படிப்பட்டவள் திடீரென்று வரமாட்டேன் என்றாள். இடுப்புவலி என்று சொல்லியனுப்பினாள். உண்மையில் வெள்ளைப்படுதல், ஒரு வருஷமாக நிற்கவில்லை. தானே சுத்தமில்லாமல் இன்னொருத்தியைக் கடைசியாகச் சுத்தம் பண்ணுவதா என்று கூசிப்போயிருந்தாள்.

ஓரகத்தி ஹாஜிராவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீகளே லாத்தா, என்ன சொன்னாக?"

"கிருமி இல்லையாம். ரெண்டு தடவை பாத்தாச்சு. ஒண்ணுமில்லேங்கிறாக."

"ஒண்ணுமில்லேன்னா சந்தோசப்படுங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா தெனம் மூணு சேலை அலசுறேன்?"

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். ஆரிபா மறுபடியும் டவுன் பஸ் ஏறினாள்.

"அதான் கிருமி இல்லைன்னு சொன்னேனே, ஆரிபா," என்றார் டாக்டரம்மா.

"இல்லாததைச் சொன்னீக. இருக்கிறது என்னன்னு சொல்லலையே. கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

வெளியே பெஞ்சு நிறைய ஆள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், "எப்படிக் கழுவுறே?" என்றார்.

ஆரிபாவுக்கு அதைச் சொல்லப் பெருமைதான். "அஞ்சு வேளைத் தொழுகைக்கும் முன்னாடி சோப்புப் போட்டு உள்ள வரைக்கும் கழுவிருவேன். கெணத்துல போடுற ஊதா மருந்தையும் கரைச்சு ஊத்துவேன்."

"அடிப்பாவி! அதென்ன அண்டாவா, தேய்ச்சுக் கவுத்த? கழுவிக் கழுவியே புண்ணாக்கி வச்சிருக்கே. அதான் வடியுது. சோப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வெளியே மட்டும் வெறும் தண்ணி. அப்பவும் கொஞ்சம் இருக்கும். வாயில எச்சில் ஊறுதுன்னு யாராவது வைத்தியம் கேப்பாங்களா?"

சுத்தக்காரி என்று பெயரெடுத்தவளைப் போய்க் கழுவாதே என்றால்? கை தானாகச் சோப்புக்குப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். முதலில் புண்ணின் எரிச்சல் அடங்கியது. நோன்பு மாதம் பிறப்பதற்குள் வெள்ளைப்படுவதும் பெரும்பாலும் குறைந்துவிட்டது. கொஞ்சம் மிச்சமிருந்தது.

அந்தச் சமயத்தில் அடுத்த தெரு மைமூன் பிரசவத்தில் போய்விட்டாள்.

"நான் போறேன் லாத்தா. ஒங்களுக்குத்தான் இன்னும் முழுசா நிக்கலையே," என்றாள் ஹாஜிரா.

"அது ஒனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. சீக்கு இல்லடி அது." ஆரிபா தொழுகைக்குச் செய்வதுபோல் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "பச்சப்புள்ள மாதிரி இருப்பா. நீ கைபழக அவதான் கெடைச்சாளா? முன்னாடி போயி, தண்ணிய வெதுவெதுன்னு வைக்கச் சொல்லு."

மைமூனை அவள்தான் குளிப்பாட்டினாள். அதற்கப்புறம் யார் கூப்பிட்டும் அவள் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.