மலையில் சரியாக ஓடிய கார்

அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படி. அன்று காரில் அவர் வேகத்தைக் கூட்ட மிதிக்கும்போதெல்லாம் எஞ்சினிலிருந்து அது வந்தது; காலை எடுத்தால் நின்றது. பின்னிருக்கையில் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது.

அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்தார். ஜன்னல் இல்லாத அறை. வாரம் முழுக்க அதில் அடைந்து கிடந்தவர், ஞாயிறு காலையில் தன் பழைய இரண்டு கதவு ஜப்பான் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். "அங்கதான் மூச்சு விட முடியுது" என்பார். அண்ணியை ஒரு நாளும் அழைத்துப் போனதில்லை. காரின் முன்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் பந்தய இருக்கைகளைப் பொருத்தியிருந்தார். அவை முன்னும் பின்னும் நகரும்; மடங்காது, சாயாது.

மலை உச்சியில் காற்று மெலிது. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. அதனால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும் பயம் அங்கே இல்லை. தீப்பொறியைக் கொஞ்சம் முந்தியே விழச் செய்யலாம், கார் இன்னும் துள்ளும். அண்ணிக்கு வலி எடுப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காரில் மடிக்கணினியைச் செருகி, குளிரில் நின்றபடி, தொண்ணூற்றேழு ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்ப அப்படித்தான் மாற்றி வைத்திருந்தார். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையில்லை, ஒரு குறையும் தெரியவில்லை. கிள்ளான் வந்தபோது டாங்கி கிட்டத்தட்டக் காலி. பெட்ரோல் நிலையத்தில் தொண்ணூற்றேழு தீர்ந்திருந்தது. எளிதில் வெடித்துவிடும் தொண்ணூற்றைந்தைப் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தினார். இங்கே கடலோரத்துக் காற்று, கனமும் சூடும் உள்ளது. மலையில் வைத்த கணக்கு இந்தக் காற்றுக்கும் இந்தப் பெட்ரோலுக்கும் ஒத்துவராது, பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து அந்தக் கூழாங்கல் சத்தத்தைக் கொண்டுவரும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அதற்குள், குறித்த நாளுக்கு முன்பே, ஒரு மத்தியானம் அண்ணிக்கு வலி வந்துவிட்டது. அண்ணியின் அம்மா வீடு தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்ததால் அந்தப் பக்கத்து மருத்துவமனையில்தான் பதிந்திருந்தோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றேன்.

"அது வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் லா" என்றார் அண்ணன்.

பந்தய இருக்கையில் வயிற்றோடு அண்ணியால் உட்கார முடியவில்லை. அதை முன்னால் தள்ளிவிட்டு, இடுக்கு வழியாக நாங்கள் இருவரும் பின்னால் நுழைந்தோம். பின்னால் கதவு கிடையாது. கண்ணாடியும் இறங்காது.

பெடரல் ஹைவேயில் ஏறியதுமே சத்தம் தொடங்கிவிட்டது.

"அண்ணே, என்ன அது?"

"ஒண்ணுமில்ல. மெதுவா போனா சரியாயிடும்."

மலையில் யாரையும் முந்தவிடாத கார் இடது ஓரமாக ஊர்ந்தது. மீன் லோரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. எஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்று ஏர்கோனை அணைத்தார். அண்ணியின் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. அண்ணனின் பிடரியில் வியர்வை இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் பாதையில் வண்டிகள் கொஞ்சம் குறைந்தன. அப்போது அண்ணி அலறினார். அண்ணன் அழுத்தி மிதித்தார். கூழாங்கற்கள் படபடவென்று பொரிந்தன. பிறகு ஒரே ஒரு பலத்த அடி. நீலப் புகையோடு கார் ஓரமாக ஊர்ந்துபோய் நின்றது.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம், ஜாமில் வருகிறது என்றார்கள். அண்ணியின் உடம்பு விறைத்திருந்தது. நுழைந்த இடுக்கு வழியாக அவரால் வெளியே வர முடியவில்லை. அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காதீங்க. முடியல."

பின்னால் காலியான பள்ளிக்கூட வேன் ஒன்று நின்றது. அதை ஓட்டி வந்த நடுத்தர வயது ஆன்டி குனிந்து உள்ளே பார்த்தார்.

"தம்பி, அந்த சீட்ட கழட்டுங்க. என் வேன்ல ஏத்திக்கலாம்."

அண்ணன் ஸ்பேனரை எடுத்துவந்து தார் ரோட்டில் மண்டியிட்டார். அசையவே கூடாது என்று அவரே முறுக்கி வைத்த போல்ட்டுகள். ஸ்பேனர் நழுவிக்கொண்டே இருந்தது. "வந்துடும் அண்ணி, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இருக்கையையா குழந்தையையா என்று எனக்கே தெரியாமல். கடைசியில் இருக்கையைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தார். அண்ணியை மெல்ல நகர்த்தி வேனின் நீள இருக்கையில் படுக்க வைத்தோம். ஆன்டி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். அன்று பொழுது சாய்வதற்குள் பையன் பிறந்தான். இருவருக்கும் ஒரு குறையுமில்லை.

எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன் ஒன்று எலி கடித்த ரொட்டி போல இருந்ததாம். அண்ணன் காரைக் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, நான்கு கதவுள்ள சாதாரணக் கார் ஒன்றை வாங்கினார். மலைக்குப் பிறகு போகவேயில்லை. ஜன்னல் இல்லாத அதே அறைக்கு இன்றும் போய் வருகிறார்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பையன், அந்தப் பழைய காரைப் பற்றி, "அப்பா, அந்தக் காடி நெஜமாவே அவ்ளோ பாஸ்ட்டா?" என்று கேட்டான். அண்ணனின் முகம் மலர்ந்தது. காற்று, அழுத்தம், தீப்பொறி எல்லாவற்றையும் கைகளால் வரைந்து விளக்கினார். இத்தனை உற்சாகமாக அவரைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"மேல ஒரு பிரச்சினையும் இல்லடா. ஒரு தடவகூட சத்தம் வந்ததில்ல" என்றார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தவில்லை.

"மேல நான் இல்லையே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அண்ணனின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. அவர் எழுந்து போகவில்லை.