குளிர்காற்றுக் குழாயும் என் கட்டளையும்

போர் முடிந்த மறு ஆண்டு, மார்கழி மாதத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் நடந்தது இது. சோதனைச் சாவடிகள் குறைந்து, சாலைகளுக்குப் புதிதாகத் தார் போட்டிருந்த காலம். அதுவரை எந்த வாகனத்தையும் ஊர்வதுபோலத்தான் செலுத்தினோம்; வேகத்தைப் பற்றி எவருக்கும் கவலை இருந்ததில்லை. சாலை திறந்ததும் என் மருமகனுக்கு அந்தக் கவலை வந்துவிட்டது.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய கார். ஆழிப்பேரலை வந்த நாட்களில் கரையோர உறவினர்களை இடைவிடாது ஏற்றி வந்து, அதன்பின் இளைத்துப்போன கார். அதன் எஞ்சின் பொனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுப்பதால்தான் சக்தி குறைகிறதாம். குளிர்ந்த காற்றுக்குச் செறிவு அதிகமாம். எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு, முன் பம்பருக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வழியே வெளிக்காற்றைக் கொடுத்தால் கார் பறக்குமாம். நான் காலையில் பதிகம் ஓதி முடிக்குமுன்பே மருமகன் இதை ஓதத் தொடங்கிவிடுவார். உணவு வேளையிலும் இதே பேச்சு. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு, இந்தப் பேச்சு ஓய்ந்தால் போதும் என்று சம்மதித்தேன்.

குழாய் பூட்டியாயிற்று. பலன் என்னவென்றால், சத்தம் கூடியது. வாவிப் பாலத்து ஏற்றத்தில் முன்பு எந்தக் கியரில் திணறியதோ அதே கியரில் இப்போது உறுமிக்கொண்டு திணறியது. கேட்டால், "இழுவ கூடியிருக்கு மாமா, உங்களுக்குத்தான் விளங்குதில்ல" என்பார். பழைய குழாயும் வெளிக்காற்றைத்தான் எடுத்தது என்றும், காரைச் செய்தவர்கள் அதன் வாயைக் காரணத்தோடுதான் உயரத்தில் வைத்திருந்தார்கள் என்றும் ஒரு மெக்கானிக் பின்னாளில் விளக்கினார். அன்று எங்களுக்கு அது தெரியாது.

மூன்று நாள் விடாமழை பெய்தது. நான்காம் நாள் முற்பகலில் என் மனைவிக்கு முட்டு வருத்தம் கடுமையாயிற்று. வீட்டில் இருந்த மருந்து எதற்கும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. மகள் தாயைத் தாங்கிக்கொண்டு பின்னால் அமர, மருமகன் ஓட்ட, நான் முன்னால் ஏறினேன். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வயல் வட்டைகளுக்கு நடுவே சாலை தாழும் இடத்தில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழான ஆழம்.

மருமகன் காரை நிறுத்தினார். "மாமா, உழவு மெசின் ஏதும் வருமட்டும் நிப்பமா?"

இந்த வெள்ளத்தை அவர் பிறக்குமுன்பே கடந்தவன் நான். எங்கள் பகுதியில் கார் ஓட்டும் எவரும் அறிந்த முறை ஒன்று உண்டு: வெள்ளத்துக்குள் இறங்கினால் அக்சிலேட்டரில் வைத்த காலைத் தளர்த்தக் கூடாது, தளர்த்தினால் சைலன்சருக்குள் நீர் ஏறி வண்டி நின்றுவிடும். பின்னால் என் மனைவியின் மூச்சு விசிலடித்தது.

"நிக்க நேரமில்ல. கால எடுக்காம அமத்திப் பிடிங்க. சைலன்சருக்குள்ள தண்ணி பூந்தாத்தான் நிக்கும்" என்றேன்.

அவர் அமத்தினார். நடு வெள்ளத்தில் எஞ்சின் ஒருமுறை இடித்துவிட்டு அடியோடு நின்றது. நாங்கள் சைலன்சர் வாலைக் காவல் காத்தோம்; பம்பருக்கு அடியில் கிடந்த புதுக் குழாயின் வாய் வெள்ளத்தைக் குடித்துவிட்டது. எவ்வளவு அமத்தினோமோ அவ்வளவு வேகமாகக் குடித்தது.

காருக்குள் கணுக்கால்வரை நீர் வந்தது. அவளுடைய உதடு நீலம் பூத்தது. ஆயிரம் பாடல்கள் மனப்பாடமாயிருந்த எனக்கு அவ்வேளையில் ஓரடியும் வாயில் வரவில்லை.

அப்போது எதிரே ஓர் உழவு இயந்திரம், பின்னால் பூட்டிய பெட்டி நிறைய உர மூட்டைகளோடு வந்தது. ஓட்டி வந்தவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த நடுவயது முஸ்லிம் ஒருவர்; எங்களை முன்பின் அறியாதவர். ஒன்றும் கேட்காமல் இறங்கி, மகளோடு சேர்ந்து அவளைத் தூக்கி மூட்டைகளின்மேல் சாய்த்தார். மூட்டைகளை மூடியிருந்த படங்கை உருவி அவளுக்குப் போர்த்தினார். உரம் நனையுமே என்றேன். "நனைஞ்சா நனையட்டும் ஐயா. ஏறுங்க" என்றவர், காரின் முன்பக்கத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"எஞ்சினுக்கு மூக்க முழங்காலுக்குக் கீழ வெச்சது ஆரு?"

அவர் அந்தப் பெட்டியோடு நெடுந்தூரம் பின்னுக்கே செலுத்தி, மேட்டில் திருப்பி, எங்களைப் பாலம்வரை கொண்டுவந்து ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டே போனார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி பொருத்தி மருந்துப் புகை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல உதட்டின் நிறம் திரும்பியது. அந்த ஆறுதல் கிடைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. குழாயை, குளிர்காற்றை, ஒரு மாதத்து உபதேசத்தை எல்லாம் எடுத்து, கட்டிலருகே தலைகுனிந்து நின்ற மருமகனை நோயாளர் வாட்டே கேட்க ஏசினேன். என் மனைவி முகமூடியைக் கையால் விலக்கினாள்.

"மருமகன ஏசாதீங்க. அவர் நிப்பமா எண்டு கேட்டவர். அமத்தச் சொன்னது நீங்க."

குழாய் கழற்றப்பட்டது, கார் பழைய நிலைக்கு மீளவே இல்லை. ஆனால் என்னை இன்றும் உறுத்துவது அதுவன்று: ஆணவத்தை அறுத்தருள் என்று ஆண்டாண்டாய் இறைவனைப் பாடி வந்த நான், அது முன் இருக்கையில் அமர்ந்து என் குரலிலேயே கட்டளையிட்டபோது, அதை அனுபவம் என்றே எண்ணிக்கொண்டேன்.